சம்பவ தேதி



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பெரிய வழக்குகளைப் பேசுவது மரபு. நான் 400 ரூபாய் வழக்கு ஒன்றைப் பேச அனுமதி கேட்டேன். குழுவினர் உடனே சம்மதித்தார்கள். இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, கடைசியில் இரண்டு வண்டிக்குச் சொந்தக்காரர் ஆனவர் என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். சம்மதத்தின் காரணம் அப்போது புரிந்தது.

2019 நவம்பர். கொங்கு வட்டாரத்தில் ஒரு நீதித்துறை நடுவர் நீதிமன்றம். ஒரு காசோலை வழக்கின் வாய்தாவுக்காக அங்கே போயிருந்தேன். அன்று பெட்டி கேஸ் எடுக்கும் நாள், வராந்தா முழுக்க ஆட்கள். பெயர் கூப்பிட்டதும் ஒரு லாரி ஓட்டுநர் உள்ளே போனார். கேரளாவுக்கு முட்டை லோடு அடிப்பவர். ஜூலை மாதம், 60 என்று பலகை வைத்த இடத்தில் 74-இல் போனதாக வழக்கு. போனது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். புதுச் சட்டம் வந்துவிட்டது, 2000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது. வெளியே வந்து கிளீனர் பையனிடம் 700 ரூபாய் வாங்கித் தன் கையிருப்போடு சேர்த்துக் கட்டினார்.

சம்பவம் ஜூலையில் நடந்தது. புதிய அபராதம் நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 1-ஆம் தேதி. ஜூலையில் அந்தக் குற்றத்துக்கு முதல் தடவை விதிக்கக்கூடிய உச்ச அபராதமே 400 ரூபாய்தான். இது எனக்குத் தெரியும். அந்த அறையில் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அந்த வழக்கில் வக்காலத்து இல்லை. ஆனால் ஒரு வாக்கியம் சொல்ல வக்காலத்து தேவையில்லை. நான் சொல்லவில்லை. என் வழக்கு எப்போது வரும் என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டீக்கடையில் அவரைப் பிடித்தேன். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கூட, விதித்த தண்டனை சட்டப்படியானதா என்ற ஒரு கேள்வியின் மேல் மேல்முறையீடு செய்யலாம், நான் காசு வாங்காமல் நடத்துகிறேன் என்றேன். "அதுக்கு ரெண்டு நாள் வண்டி நின்னாலே ஆயிரத்து அறநூறுக்கு மேல போயிருங்க சார், வேண்டாங்க" என்றார். கட்டிய ரசீதை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள மட்டும் அனுமதித்தார். இன்றைய பேச்சு முழுவதும் அந்த ரசீதைப் பற்றியதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 112-ஆம் பிரிவு வேக வரம்பைப் பேசுகிறது. வரம்பை மீறினால் என்ன தண்டனை என்பதை 183-ஆம் பிரிவு சொல்கிறது. முப்பது ஆண்டுகள் அந்தப் பிரிவில் முதல் குற்றத்துக்கு 400 ரூபாய் வரை, மறுபடி தண்டிக்கப்பட்டால் 1000 ரூபாய் வரை என்று இருந்தது. 'வரை' என்ற சொல்லை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மேல்வரம்பு மட்டும்தான் இருந்தது. நடுவர் மனம் வைத்தால் 50 ரூபாயோடு அனுப்பிவிடலாம். 2019-இன் 32-ஆவது சட்டம் அதை மாற்றியது. கார் போன்ற இலகு ரக வண்டிக்கு 1000-க்குக் குறையாமல் 2000 வரை, நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2000-க்குக் குறையாமல் 4000 வரை. இரண்டாம் முறை சிக்கினால் ஓட்டுநர் உரிமம் பறிமுதல் ஆகும். தொகை கூடியது மட்டும் இங்கே மாற்றம் இல்லை. அடித்தளம் ஒன்று போடப்பட்டுவிட்டது, நடுவரே இரக்கப்பட்டாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது.

ஆகவே அந்த முட்டை லாரி ஓட்டுநருக்குப் பழைய சட்டத்தின் உச்சம் 400, புதிய சட்டத்தின் தொடக்கம் 2000. நடுவில் எந்தத் தொகையும் இரண்டு சட்டத்துக்கும் பொதுவாக இல்லை. ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும். எதை எடுப்பது என்பதை 1950-லேயே அரசியலமைப்பு முடிவு செய்துவிட்டது.

அரசியலமைப்பின் 20-ஆம் கூறின் முதல் உட்கூறு இரண்டு பாதுகாப்புகளைத் தருகிறது. ஒரு செயலைச் செய்த நாளில் அது குற்றமாக இல்லையென்றால், பின்னால் வந்த சட்டத்தைக் காட்டி அதற்காகத் தண்டிக்கக் கூடாது. குற்றமாகவே இருந்தாலும், செய்த நாளில் இருந்த சட்டப்படி எவ்வளவு தண்டனை கொடுத்திருக்க முடியுமோ அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. வழக்குப் போட்ட நாள், சம்மன் கையில் கிடைத்த நாள், விசாரணை நடந்த நாள், தீர்ப்பு எழுதிய நாள் இவற்றில் எதற்கும் இந்தக் கணக்கில் இடம் கிடையாது. செயல் நடந்த நாள் ஒன்றுதான்.

உச்ச நீதிமன்றம் இதைத் தொடக்கத்திலேயே உறுதிப்படுத்தியது. 1953-இல் கேதார்நாத் பஜோரியா வழக்கு. குற்றம் நடந்தது 1947-இல். மேற்கு வங்கத்தில் 1949-இல் வந்த ஒரு சட்டம், ஏமாற்றிப் பெற்ற தொகை அளவுக்குக் கூடுதல் அபராதம் போடச் சொன்னது. விசாரணை நீதிமன்றமும் போட்டது. அரசை ஏமாற்றியவர்களிடம் யாருக்கும் அனுதாபம் வந்திருக்காது. ஆனாலும் அந்தக் கூடுதல் அபராதத்தை உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. 1947-இல் இல்லாத தண்டனையை 1947-ஆம் ஆண்டின் செயலுக்குக் கொடுக்க முடியாது என்றது.

1978-இல் வந்த 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, நெருக்கடி நிலை அறிவித்தாலும் இந்த 20-ஆம் கூறை அமல்படுத்தக் கோரும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது. பேச்சுரிமைக்குக்கூட இந்தக் கவசம் இல்லை. 20, 21 ஆகிய இரண்டு கூறுகளுக்கு மட்டும்தான். போர் வந்தாலும் பறிக்க முடியாத உரிமையை, அமைதியான ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு கேஸ் கட்டின் முதல் பக்கத்தைப் புரட்டாததால் பறித்துவிட முடிகிறது. அன்று நடந்ததை என்னால் இதைவிடக் குறைத்துச் சொல்ல முடியவில்லை.

ஓட்டுநர்களிடம் நேர் எதிரான ஒரு நம்பிக்கையும் இருக்கிறது, அதையும் களைய வேண்டும். சட்டம் மாறிவிட்டதே, பழைய சட்டத்தில் போட்ட கேஸ் தானாகச் செத்துப் போகாதா என்று கேட்பார்கள். போகாது. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 6-ஆம் பிரிவில், ஒரு சட்டம் நீக்கப்பட்டாலும் அது உயிரோடு இருந்தபோது ஏற்பட்ட பொறுப்பும், அதற்குரிய தண்டனையும், விசாரணையும் தொடரும் என்கிறது. நாடாளுமன்றம் வேறு மாதிரி எண்ணியதாகப் புதிய சட்டத்தில் தெரிந்தால்தான் விலக்கு. நீக்கியதோடு புதிய சட்டமும் இயற்றினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 1954-இல் மோகர் சிங் வழக்கில் பதில் வந்தது. பழைய பொறுப்பை அழிக்கும் நோக்கம் புதிய சட்டத்தில் தெரிகிறதா என்று பார், தெரியாவிட்டால் பழையது தொடரும் என்பதே அந்தப் பதில். 2019-இன் திருத்தத்தில் பழைய வேக வழக்குகளை அழிக்கும் நோக்கம் எதுவும் தெரியவில்லை. ஆக, ஜூலை வழக்கு நவம்பரிலும் வழக்குதான். 400-க்குள் அபராதமும் உண்டு.

தண்டனை குறைந்தால்? அப்போது காற்று ஓட்டுநர் பக்கம் வீசுகிறது. 1964-இல் தீர்ப்பான ரத்தன் லால் வழக்கை எல்லா மாணவர்களும் படித்திருப்பீர்கள். 16 வயது இளைஞன். குர்கான் பகுதி நடுவர் 1962 மே மாதம் அவனைச் சிறைக்கு அனுப்பினார். சிறைக்கு அனுப்பாமல் விடுவிக்க இடம் தரும் நன்னடத்தைச் சட்டம் அந்த மாவட்டத்துக்கு வந்தது அதே ஆண்டு செப்டம்பர் 1-இல். தண்டனைக்குப் பிறகு வந்த அந்தச் சட்டத்தின் பயனை மேல்முறையீட்டில் கொடுக்கலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். கூடுதல் தண்டனை பின்னோக்கிப் போகக் கூடாது என்றுதான் 20-ஆம் கூறு தடுக்கிறது, குறைப்பு பின்னோக்கிப் போவதை அது தடுக்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் உள்ளம். 1982-இல் பராய் வழக்கிலும் இதே நியாயம். உணவுக் கலப்படத்துக்கு மேற்கு வங்கம் ஆயுள் தண்டனை வரை வைத்திருந்தது. 1976-இல் நாடாளுமன்றம் அதைக் குறைத்தது. முன்பு செய்த குற்றத்துக்கும் குறைந்த தண்டனைதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சட்டம் மாறும்போது இரண்டு தண்டனைகளில் இலேசானது எதுவோ அதை நோக்கித்தான் நிலுவை வழக்கு சாய வேண்டும். பாரம் கூடும்போது பழைய தேதியும், பாரம் குறையும்போது புதிய தேதியும் குடிமகனுக்கு உதவுகின்றன. இது ஒருதலைப்பட்சம் இல்லையா என்று ஒரு மாணவர் முன்பு என்னிடம் கேட்டார். ஆம், ஒருதலைப்பட்சம்தான். சட்டத்தை எழுதுகிற கை அரசின் கை. தேதியையும் அதுவே தேர்ந்தெடுக்கிறது. எதிரே நிற்பவருக்கு எழுதவும் உரிமையில்லை, தேதி குறிக்கவும் உரிமையில்லை. அந்த ஏற்றத்தாழ்வைச் சற்றே நேர்செய்யும் சாய்வு இது.

நம் மாநிலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சாலையோரத்தில் சலான் போட்டு வாங்கும் தொகை நீதிமன்றம் விதிக்கும் அபராதம் இல்லை. அது 200-ஆம் பிரிவின்படி, வழக்கை முடித்துக்கொள்ள மாநில அரசு குறித்திருக்கும் காம்பவுண்டிங் தொகை. நாடாளுமன்றத்தின் புதிய அபராதம் 2019 செப்டம்பரில் வந்தது. தமிழ்நாடு அரசு காம்பவுண்டிங் தொகைகளைத் திருத்தியது 2022 அக்டோபரில். இடையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல். புதிய சட்டம் வந்த சில நாட்களிலேயே குஜராத் போன்ற மாநிலங்கள் தங்கள் தொகையைக் குறைத்து அறிவித்ததும் இந்தப் பிரிவின் கீழ்தான்.

2022 செப்டம்பரில் சிக்கி, நவம்பரில் பணம் கட்ட வந்தவருக்கு எந்தத் தொகை? இங்கே 20-ஆம் கூறு முழுதாகக் கைகொடுக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சட்டத்தின் அபராதம் ஏற்கெனவே உயர்ந்துவிட்டது, உயர்ந்த காம்பவுண்டிங் தொகையும் அந்த உச்சத்துக்குள் அடங்கினால் தடையில்லை. ஆனால் 2019 செப்டம்பருக்கு முந்தைய சம்பவம் என்றால் நிலைமை வேறு. நீதிமன்றத்தில் தோற்றாலே 400-க்கு மேல் போகாது என்னும்போது, அதைத் தவிர்க்க 1000 ரூபாய் கொடுத்து யார் சமரசம் செய்துகொள்வார்கள்? இழக்கக்கூடியதைவிடக் கூடுதலாகக் கேட்பதற்குச் சமரசம் என்று பெயர் வைக்க முடியாது.

இனி நடைமுறைக்கு வருவோம். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், வழக்கறிஞர்கள் சறுக்குவது இங்கேதான். தண்டனை செயல் நடந்த நாளின் சட்டப்படி. சரி. விசாரிக்கும் முறை? அது பெரும்பாலும் விசாரிக்கும் நாளின் சட்டப்படி. 1953-இல் ராவ் சிவ பகதூர் சிங் வழக்கில், 20-ஆம் கூறு தண்டிப்பதையும் தண்டனையின் அளவையும்தான் காக்கிறது, இன்ன நீதிமன்றத்தில் இன்ன முறையில்தான் விசாரிக்க வேண்டும் என்ற உரிமையைத் தரவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் 2019-இல் டெல்லியில் தொடங்கிய மெய்நிகர் நீதிமன்றம் போல ஒரு புதிய ஏற்பாடு வந்தால், என் வழக்கு பழையது, நேரில்தான் விசாரிக்க வேண்டும் என்று அரசியலமைப்பைக் காட்டி அடம்பிடிக்க முடியாது.

183-ஆம் பிரிவிலேயே ஓர் அருமையான விதி இருக்கிறது. வண்டி வேகமாகப் போனது என்று ஒரே ஒரு சாட்சி தன் கண் மதிப்பீட்டை மட்டும் சொன்னால் அதை வைத்துத் தண்டிக்கக் கூடாது, அந்த மதிப்பீட்டுக்கு இயந்திரக் கருவியின் துணை வேண்டும் என்கிறது அதன் மூன்றாம் உட்பிரிவு. 2019 திருத்தம் அங்கே 'இயந்திர' என்ற சொல்லோடு 'மின்னணு' என்ற சொல்லையும் சேர்த்தது. ரேடார் துப்பாக்கி இயந்திரமா, மின்னணுவா என்று முன்பு வாதாட இடம் இருந்தது. இந்தச் சேர்க்கை 2019 ஜூலை சம்பவத்துக்குப் பொருந்துமா? சாட்சியம் நடைமுறையைச் சேர்ந்தது, ஆகவே பொருந்தும் என்று அரசுத் தரப்பு சொல்லும். என் பார்வையில் அந்த வாதம் பெருமளவு சரி. இந்த ஒரு சொல்லை நம்பிப் பழைய வழக்கிலிருந்து தப்பலாம் என்று கட்சிக்காரருக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆனால் 209-ஆம் பிரிவு அப்படியில்லை. வேகம், ஆபத்தாக ஓட்டுதல் ஆகிய இரண்டு குற்றங்களுக்கும் மட்டும் உள்ள தனிப் பாதுகாப்பு அது. வழக்குத் தொடர்வது பற்றி யோசிக்கப்படும் என்று சம்பவ இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும். இல்லையென்றால் 14 நாளுக்குள் குற்றம், நேரம், இடம் சொல்லி ஓட்டியவருக்கோ பதிவுச் சான்றில் உள்ள உரிமையாளருக்கோ நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் 28 நாளுக்குள் சம்மன் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றுகூட நடக்காவிட்டால் தண்டிக்க முடியாது. முகவரியைக் கண்டுபிடிக்க இயலாதது போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதன் நியாயம் எளிமையானது. கொலையை யாரும் மறக்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை மதியம் விழுப்புரம் தாண்டி எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போனீர்கள் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? நினைவு உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடு என்கிறது சட்டம்.

2019 திருத்தம் 136-அ பிரிவைச் சேர்த்தது, கேமரா வழியே கண்காணிப்பு. அதற்கான 167-அ விதி 2021 ஆகஸ்டில் வந்தது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும் என்றும், சம்பவம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றும், வழக்கு முடியும்வரை மின்னணுப் பதிவைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. சட்டத்தில் 14 நாள், விதியில் 15 நாள். பதினைந்தாம் நாள் புறப்பட்ட நோட்டீஸ் விதிக்குச் சரி, பிரிவுக்குத் தாமதம். விதி ஒருபோதும் சட்டத்தை மீற முடியாது என்பது நம் பாடத்தின் அரிச்சுவடி. கேமரா வழக்கு கையில் வந்தால் சம்பவ தேதிக்கு அடுத்தபடியாக நோட்டீஸ் புறப்பட்ட தேதியைப் பாருங்கள். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க வேண்டும் என்ற கால வரம்பும் இருக்கிறது. அதையும் பாருங்கள்.

உரிமையாளர்களும் வந்திருக்கிறீர்கள். 183-இன் நான்காம் உட்பிரிவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வேக வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேரத்துக்குள் பயணத்தை முடிக்கச் சொன்னால், அப்படிச் சொன்னதே சொன்னவருக்கு எதிரான முதல்நிலைச் சாட்சியம் ஆகும். விடியற்காலை நான்கு மணிக்குள் மண்டி சேர வேண்டும் என்று தொலைபேசியில் கட்டளையிடுபவர்களை மனதில் வைத்து எழுதியது போலவே இருக்கும். என் தொழில் வாழ்க்கையில் இந்த உட்பிரிவின் கீழ் ஒரு வழக்கைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லா வழக்கும் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர் பெயரில்தான்.

தண்டனை அப்படியே இருந்து, வேக வரம்பே மாறினால்? 2023 ஜூனில் சென்னையில் பகலில் 40 கிலோமீட்டருக்கு மேல் போனால் அபராதம் என்ற அறிவிப்பு வந்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வரம்புகள் திருத்தப்பட்டன. கார்களுக்கு 60, கனரக வண்டிக்கும் இருசக்கர வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30. முன்பு 52-இல் போய் வழக்கில் சிக்கிய கார்க்காரர், இப்போது 60 வரை போகலாமே, என் வழக்கை விடுங்கள் என்று கேட்டால் விட வேண்டுமா?

ரத்தன் லால் வழக்கு இவருக்கு உதவாது என்றே நினைக்கிறேன். அங்கே தண்டனையைப் பற்றிய சட்டத்தின் மனம் மாறியது. இங்கே வேகமாகப் போவது குற்றம் என்ற மனம் மாறவில்லை. ஒரு சாலைக்கு எவ்வளவு வேகம் தகும் என்ற கணக்கு மட்டும் மாறியது. பாலம் வேலை நடந்தபோது 20 என்று பலகை வைத்திருந்தார்கள், வேலை முடிந்து எடுத்துவிட்டார்கள் என்பதற்காக, வேலை நடந்த நாளில் 50-இல் வந்தவர் நிரபராதி ஆகிவிட மாட்டார். தொழிலாளி குழியில் நின்றது அன்றைக்குத்தான்.

இதையே திருப்பிப் போட்டால் வேறு பதில் வரும். மத்திய அரசு 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி வேக வரம்புகளை உயர்த்தி, கார்கள் விரைவுச் சாலையில் 120, நான்கு வழிச் சாலையில் 100 வரை போகலாம் என்று அறிவித்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அறிவிப்பை ரத்து செய்து, 2014-ஆம் ஆண்டின் அறிவிப்பை மீட்டது. காஞ்சிபுரம் அருகே நடந்த விபத்தில் உடல் செயலிழந்த ஒரு பல் மருத்துவரின் இழப்பீட்டு வழக்கில் எழுந்த கேள்வி அது. ரத்து என்றால் அந்த அறிவிப்பு பிறக்கவே இல்லை என்பது சட்டக் கற்பனை. அந்தக் கற்பனையைப் பிடித்துக்கொண்டு, 2019-இல் அறிவிப்பை நம்பி 118-இல் போனவர் மேல் வழக்குப் போட முடியுமா? முடியாது என்பேன். அரசு தன் அரசிதழில் போகலாம் என்று அச்சிட்டிருந்தது. பலகையைப் பார்த்து நடந்துகொண்டவரைப் பிறகு பலகையே தவறு என்று சொல்லித் தண்டிப்பது, 20-ஆம் கூறு எதைத் தடுக்க எழுதப்பட்டதோ அதையே செய்வதாகும்.

புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-ஆம் தேதிக்குப் பிறகு, எந்த நாளின் சட்டம் என்ற கேள்வியின் எடை பல மடங்கு கூடிவிட்டது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை. இடித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடிவிட்டால் பத்து ஆண்டு வரை என்ற உட்பிரிவை, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, மற்ற பிரிவுகளோடு அரசு நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. பழைய குற்றங்களுக்குப் பழைய சட்டம் தொடரும் என்று புதிய சம்ஹிதா 358-ஆம் பிரிவில் சொல்கிறது. ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியே தொடரும் என்று புதிய நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்‌ஷா சம்ஹிதாவின் 531-ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறை மாற்றம் நிலுவை வழக்குக்கும் பொருந்தும் என்று சற்று முன் சொன்னேன். இங்கே நாடாளுமன்றமே வேறு விதமாக எழுதிவைத்ததால் அதுதான் செல்லும்.

ஜூன் 30 இரவு வண்டி இடிக்கிறது. அடிபட்டவர் ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து ஜூலை 6-ஆம் தேதி இறக்கிறார். இரண்டு ஆண்டா, ஐந்து ஆண்டா? மரணம் இல்லாமல் குற்றம் முழுமை பெறவில்லை, மரணம் ஜூலையில்தானே என்று வாதிடலாம். அரசியலமைப்பு செயல் செய்யப்பட்ட நேரத்தைப் பேசுகிறது. ஓட்டுநர் செய்த செயல் ஓட்டியது. அது ஜூன் 30-இல் முடிந்துவிட்டது. மருத்துவமனையின் ஆறு நாட்களில் அவர் எதையும் செய்யவில்லை. இரண்டு ஆண்டுதான் என்பது என் உறுதியான கருத்து. இறந்தவரின் வீட்டார் முன்னால் நின்று இதைச் சொல்வது எளிதில்லை என்பதும் தெரியும்.

அவர்களைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 71 பேருக்கு மேல் அதிவேகத்தால் இறந்ததாக அரசின் அறிக்கை பதிவு செய்கிறது. அந்த ஆண்டு எந்த மாநிலத்தையும்விட அதிக விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில், 64,105. இறந்தவர்கள் 17,884. கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்குதான் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும், கேமராக் கண்காணிப்பை மாநிலங்கள் செயல்படுத்த வேண்டும் என்ற ஆணைகளுக்கும் வழி செய்தது. அபராதம் உயர்ந்தது சரி என்றே நான் நம்புகிறேன். 400 ரூபாய் பல வண்டிக்காரர்களுக்கு ஒரு வேளை டீசல் செலவில் சேரும் தொகையாகிவிட்டிருந்தது.

அதனாலேயே உத்தரப் பிரதேசம் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே 1979-ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தை 2023-இல் திருத்தி, 2021 டிசம்பர் 31 வரை நீதிமன்றத்தில் தேங்கிக்கிடந்த சிறு போக்குவரத்து வழக்குகளை அற்றுப்போகச் செய்தார்கள். சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் தாளைக் குறைப்பதற்காக வழக்கை அழித்தால், வேகமாகப் போய்விட்டு வாய்தாவை இழுத்தவருக்குப் பரிசும், மறுநாளே வந்து பணம் கட்டியவருக்குத் தண்டனையும் கொடுத்ததாகிவிடும். பழைய வழக்கை அழிக்கவும் வேண்டாம், புதிய தொகையை அதன் தலையில் கட்டவும் வேண்டாம். சம்பவ தேதியின் சட்டப்படி, இருக்கிற வழக்கை நடத்தி முடிக்க வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியின் சட்ட உதவி மையம் பெட்டி கேஸ் நாட்களில் நீதிமன்ற வராந்தாவில் ஒரு மேசை போட வேண்டும். காலை பத்து மணிக்குப் போனால் போதும், பெயர் கூப்பிடத் தொடங்குவதற்குள் வரிசையில் நிற்கும் எல்லோருடைய தாளையும் பார்த்துவிடலாம். சம்பவம் நடந்த தேதி, நோட்டீஸ் அனுப்பிய தேதி, கோப்பில் எடுத்த தேதி. மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். உள்ளே போய் அந்தச் சீட்டைப் பார்த்து வாசிக்க அவர்களுக்கே தெரியும். நடுவரும் கேட்பார். ஒரு நாளில் நூறு தாள் புரட்டும் மேசையில், யாராவது சுட்டிக்காட்ட மாட்டார்களா என்று அவர்களுமே எதிர்பார்த்திருக்கும் நேரங்கள் உண்டு.

அந்த ஓட்டுநரின் ரசீது நகலைக் கொண்டுவந்திருக்கிறேன். பெயரையும் வண்டி எண்ணையும் மறைத்து இந்த மேசையில் வைக்கிறேன். போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள். மை சற்று மங்கியிருக்கிறது. மேலே சம்பவ தேதி, ஜூலை. கீழே கட்டிய தொகை, 2000.